மில்லுக்கும் வயலுக்கும் நடுவே எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், அவர்களைப் பற்றி அமைதியாக எழுத நினைத்தேன். முடியவில்லை. அக்காவும் அமைதியாக இருந்தவர்கள் அல்லர். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கூலி விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். பள்ளியை விட்டதும் பட்டாசு கம்பெனி வேனில் ஏறினார்கள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பியாகிய நான் படித்தேன். காரியாபட்டி அருகே மானாவாரி நிலம் வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்ட பின், குதிரைவாலி பயிரிடும் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக்கொண்டு, தானியத்தைத் தரகர் இல்லாமல் நேராக மில்லுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

முதல் லோடே திரும்பி வந்தது. கல் கிடக்கிறது, மிஷின் கெட்டுப்போகும் என்று மில் முதலாளி அண்ணாச்சி சொல்லிவிட்டார். விலையைக் குறைக்க நாடகம் ஆடுகிறார் என்று ஊர் கொதித்தது. சிலர் பழைய தரகரிடமே போகக் கிளம்பினார்கள். மறுநாள் காலையிலேயே அக்கா விருதுநகர் பஸ் ஏறி மில் வாசலில் போய் நின்றார்கள்.

"அண்ணாச்சி, கல்லு எங்கன இருந்து வருதுன்னு நீங்களே வந்து பாருங்க. அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் வந்தார். தார் ரோடு நெடுக ஊரார் கதிரைப் பரப்பி, மணி உதிர்வதற்காக அதன்மேல் வண்டிகள் ஏறிப் போக விட்டிருந்தார்கள். கூடியிருந்தவர்கள் தலை குனிந்தார்கள். அக்கா ஊர்ப் பக்கம் திரும்பினார்கள்.

"அவுக பொய் சொல்லலை. நம்ம ரோட்டுக் கல்லத்தான் நாம அனுப்பியிருக்கோம்."

அண்ணாச்சியையும் விடவில்லை. கதிரடிக்கத் தார்ப்பாய் அவர் தர வேண்டும், சுத்தமான தானியத்தைத் திருப்பக் கூடாது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். திரும்பி வந்த லோடைப் பெண்கள் கூடிச் சலித்துப் புடைத்து மறுபடி அனுப்பினார்கள்.

அதன் பிறகும் அக்காவுக்கு நிம்மதி இல்லை. அறுப்புக்கு ஆள் தேடினால் பட்டாசு வேன் முந்திக்கொள்ளும். மேகம் கறுத்தால் போன் ஓயாது. மில்லில் கோபம் வந்தாலும் ஊரில் கோபம் வந்தாலும் அக்காவிடம்தான் வந்து சேரும். சிறுநீரகம் பழுதாகி மதுரை மருத்துவமனையில் படுத்தபின் அந்தப் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்காக என்னோடு பேசாமல் இருந்தார்கள்; மாலையானால் போனை மட்டும் கேட்பார்கள்.

கடைசி வாரத்தில் அண்ணாச்சியும் குழுப் பெண்கள் இருவரும் ஒரே காரில் பார்க்க வந்தார்கள். அறுப்பைப் பற்றி அக்கா கேட்டார்கள். முதல் லோடு மில்லுக்குப் போய்விட்டதாகவும், ஆளையும் வண்டியையும் தாங்களே பேசிக்கொண்டதாகவும் வந்தவர்கள் சொன்னார்கள். அக்கா அவர்களை மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்னையக் கேக்காமயா முடிச்சீக?"

அது கோபமா, மகிழ்ச்சியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று மாலை அக்கா போனைக் கேட்கவில்லை.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்த, நான் வேலை பார்க்கும் அச்சகத்து நண்பர்களுக்கும், மருத்துவமனைக்கு அலைந்த அத்தான் வீட்டாருக்கும், மில்லை நிறுத்திவிட்டு வந்த அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முற்றிய கதிரை வயலில் விட்டுவிட்டு, அக்கா மறைந்த அன்று முழுவதும் எங்களோடு நின்ற குழுப் பெண்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கதிர் உதிரும் நேரத்தில் இங்கே என்ன வேலை என்று அக்கா உங்களை விரட்டியிருப்பார்கள். விரட்டவில்லை. அப்போதுதான் அவர்கள் போய்விட்டதை நான் நம்பினேன்.

— தம்பி