முறைக் கிணற்றில் ஒரு மோட்டார்

பம்பாய் வரை போய் பி.காம். படித்துவிட்டு வந்த என்னைக் கோயமுத்தூரில் ஒரு நூற்பாலை தன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தது. நான் உட்கார்ந்தேன், என் கால் உட்காரவில்லை. மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். "மேசை ஆடுதுங்க தம்பி, எழுத முடியல" என்று பக்கத்து நாற்காலிக்காரர் ஒருநாள் கெஞ்சியே விட்டார்.

நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்து, சாலையோரமெல்லாம் கம்பம் நட்டுக்கொண்டிருந்த சமயம். பஞ்சு விலையைப் பார்க்க வேண்டிய நேரத்தில், எருது கட்டித் தண்ணீர் இறைக்க என்ன செலவாகும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். எருது வேலை இல்லாத நாளிலும் தின்னும், மோட்டார் தின்னாது. இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டாம்தான். முதல் எவ்வளவு போடலாம், தேய்மானம் எவ்வளவு, எத்தனை பேர் வாங்கினால் கடை நிற்கும் என்று தைரியமாகப் பார்ப்பதற்குத்தான் படிப்பு கைகொடுத்தது. கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம். பொறுமை என் ஜாதகத்திலேயே இல்லை. வேலையை விட்டுவிட்டு, மோட்டாரும் பம்பும் வாங்கிப் பொருத்தித் தரும் கடையைத் திறந்துவிட்டேன்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மில் மேனேஜர் நல்ல மனுஷர். பொங்கல் வரை என் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். அதற்குள் ஒரு கிணற்றிலாவது மோட்டார் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் அந்த மேஜைதான்.

யாரைக் கேட்டாலும், முதலில் உங்கள் கிணற்றில் ஓட்டிக் காட்டுங்கள் என்றார்கள். நியாயம்தான். சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து வேலியோரமாகவே மின்கம்பி போனது. அங்கே எங்கள் கிணற்றிலேயே மோட்டாரை இறக்கினேன். அப்பா தடுக்கவில்லை.

அந்தக் கிணறு அப்பாவுக்கும் அவர் தம்பிக்கும் பொது. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் சித்தப்பா முறை. எங்கள் முறையன்று மோட்டாரைப் போட்டேன். வாய்க்கால் கொள்ளாமல் தண்ணீர் ஓடியது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொழுது சாயும்வரை நிறுத்தவே இல்லை. மறுநாள் காலை சித்தப்பா எருதுகளைப் பூட்டித் தண்ணீர் மொள்ளும் தோல் பறியைக் கிணற்றுக்குள் விட்டார். அது அடிப்பாறையில் போய் மோதியது.

எருது களைத்துப்போகும். அதனால் அடுத்த முறைக்காரனுக்கு எப்போதும் தண்ணீர் மிச்சம் இருக்கும். எங்கள் ஊர் முறையெல்லாம் அந்தக் களைப்பை நம்பித்தான் நடந்தது. மோட்டாருக்குக் களைப்பு ஏது? கூட்டு வியாபாரத்தில் ஒருவன் பொது முதலைத் தன் பங்குக்கு மேல் எடுத்தால் கூட்டு உடையும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். சொந்தக் கிணற்றில் கோட்டை விட்டேன்.

சித்தப்பா வாசலில் வந்து நின்று, என் பக்கம் திரும்பாமல் அப்பாவிடம் சொன்னார்: "ஒண்ணு மிசினு இருக்கோணும், இல்ல நா இருக்கோணுங்கண்ணா. எதுன்னு சொல்லிப்போடுங்க."

அப்பா என்னிடம் கழற்றச் சொன்னார். இத்தனை நாள் கழித்து என்னிடம் பேசியதே அந்த ஒரு வார்த்தைதான். கழற்றினால் என் கடையும் முடிந்தது. சொந்த அப்பன் கிணற்றில் நிற்காத மோட்டாரை எவன் வாங்குவான்?

சாயங்காலம்வரை தவணை கேட்டுக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தேன். சோறு இறங்கவில்லை. அப்பா மேல் கோபம், சித்தப்பா மேல் கோபம், எல்லாவற்றையும்விட என் மேல் கோபம். நடந்து நடந்துதான் புத்தி வந்தது. பிழை மோட்டாரில் இல்லை. கிணறு இரண்டு பேருக்கு, மோட்டார் ஒருவருக்கு என்றால் எந்தக் கூட்டு நிற்கும்?

இருவரையும் கிணற்றடிக்கு அழைத்து வந்து சொன்னேன். மோட்டார் இருவருக்கும் பொது. கரண்ட் செலவு பாதிப் பாதி. நாள் முறை வேண்டாம். தினமும் காலையில் ஒருவர் இறைக்கட்டும், பகலில் ஊறுவதை மாலையில் மற்றவர் இறைக்கட்டும். இனிமேல் கடையிலும் இதுதான் ஏற்பாடு, பங்காளிகள் சேர்ந்து வந்தால்தான் விற்பேன் என்றேன்.

சித்தப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார். "காலைத் தண்ணி ஆருக்கு?" என்று கேட்டார்.

ராத்திரியெல்லாம் ஊறிக் கிடக்கும் தண்ணீர் அது. மாலைக்காரருக்கு அதில் பாதிகூடத் தேறாது. வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசிவிட்டார். தம்பிக்கு ஒரு சாண் வரப்பைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷர் அவர்.

"காலைத் தண்ணிய நீயே எடுத்துக்க. மில்லுக்கு ஆளனுப்பிச் சொல்லிப்போடறேன், பையன் வரமாட்டான்னு."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அதுவரை நான் தோற்றால் நஷ்டம் எனக்கு மட்டும்தான். இனி தோற்றால், எனக்காகக் காலைத் தண்ணீரை விட்டுக்கொடுத்த அப்பாவின் பயிரும் காயும்.