லைசென்ஸில் அண்ணன் பெயர்

எங்கள் வட்டாரத்தில் கட்டட வேலையைக் காண்டிராக்ட் எடுக்க லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று தேவைகள்: செய்து முடித்த வேலைகளுக்குச் சான்று, ஊரில் மதிப்புள்ள ஒருவரின் கையெழுத்து, தொழில் படித்துத் தேறிய ஒரு மேற்பார்வையாளர். முதல் இரண்டும் அப்பாவிடம் இருந்தன. மூன்றாவது அண்ணன். ஓவர்சியர் பரீட்சையில் தேறிய மாதமே அவன் பெயர் அப்பாவின் லைசென்ஸில் ஏறியது.

யுத்தம் வந்ததும் ராணுவக் கட்டட வேலைக்கு மலேயா போனான். சிங்கப்பூர் விழுந்த பிறகு கடிதம் இல்லை. காணவில்லை என்று சர்க்காரிடமிருந்து ஒரு தகவல் வந்தது, அவ்வளவுதான். யுத்தம் நடந்தவரை லைசென்ஸ் ஆபீசில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டாளத்தில் இருப்பவர் என்று குறித்துக்கொண்டு புதுப்பித்துக் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்து, கைதிகளாக இருந்தவர்கள் கப்பல் கப்பலாக வந்து, அதுவும் நின்றுபோன பிறகுதான் கேட்டார்கள். மேற்பார்வையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையேல் வேறு ஒருவர் பெயரைத் தர வேண்டும். அதுவரை லைசென்ஸ் கிடையாது.

வேறு ஒருவரைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. அண்ணன் இல்லாத அந்த வருஷங்களில்தான் நான் பொறியியல் படித்துத் தேறியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் சாந்தோம் குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கூரை உத்திரங்களைக் கறையான் அரித்துவிட்டது. மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். அது மாதா கோயில் பள்ளி. கோயிலைச் சேர்ந்த வேலை என்றால் அப்பாதான் என்பது எங்கள் பங்கில் வழக்கம். இந்த முறை லைசென்ஸ் இல்லாமல் கொடுக்க முடியாது என்று பங்குச் சாமியார் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். சிந்தாதிரிப்பேட்டைக் காண்டிராக்டர் ஒருவர் வந்து அளந்துகூடப் போனார்.

அப்பாவின் தலைமைக் கொத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்று என்னிடம் கேட்டார். "இன்னாம்மா, நைனா வூட்லயே குந்திக்கினு கீறாரு? அந்த ஆளு அளக்கச் சொல்லோ நான்தான் டேப்பு புடிச்சேன். கை கூசிப்போச்சு."

அண்ணன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட அம்மா ஒப்பவில்லை. கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும்போது, அண்ணன் பெயரைச் சேர்க்க அவள் ஒருமுறையும் விட்டதில்லை. கோயிலில் எழுதாததை ஆபீசில் எழுதுவதா என்றாள். "பொழைப்புக்காக அவன் பேரை அடிச்சிடுவீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

நான் ஆபீசுக்குப் போய் விதிகளைக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து படித்தேன். அன்று மாலை அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். படித்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வராத ஆளின் பெயரை வைத்திருக்க முடியாது. எடுத்த பெயரை, ஆள் வந்தால் மறுபடி சேர்க்கலாம். ஒரே லைசென்ஸில் இரண்டு பேர் இருக்கலாம்.

"அப்ப அவன் வந்தா ரெண்டு பேரும் இருப்பீங்களா?"

"இருப்போம்மா."

முறத்தைக் கீழே வைத்தாள். "செத்துட்டான்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள்.

மறுநாள் அப்பாவும் நானும் போனோம். அங்கே புதிதாக வந்திருந்த குமாஸ்தா என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, சாரத்தின் மேல் ஏறுவேனா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஏறுவேன் என்றேன். பிறகு பழைய பெயரை எடுக்கக் காரணம் கேட்டார். மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இறப்பு, நீக்கம், தானாக விலகியது.

"வேலைய விட்டுப் போயிட்டான்" என்றார் அப்பா.

"சொல்லிட்டுப் போனாரா?"

அப்பா மேஜை விளிம்பைப் பார்த்தார். "சொல்லலை."

குமாஸ்தா எழுதிக்கொண்டே, இந்தக் காலத்துப் பையன்கள் எல்லாரும் அப்படித்தான், அப்பனை நடுவில் விட்டுவிடுவார்கள், பெண்ணாவது நின்றதே என்று ஆறுதலாகச் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அண்ணன் பெயரின் மேல் கோடு விழுந்தது. அடுத்த வரியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பள்ளிக்கூட வேலை எங்களுக்கே கிடைக்கும் என்பது இனி உறுதி. பஸ்ஸுக்காக நிற்கும்போது அதை அவரிடம் சொன்னேன்.

"ஸ்டேஷன்ல என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்லிட்டுத்தாம்மா போனான்" என்றார். "நீயும் இருந்தே."

"இருந்தேம்ப்பா" என்றேன்.