அகீலா எழுதிய கரைவலை முறை

அகீலாவுக்குக் களைப்பு இன்று நேற்று வந்ததல்ல. பள்ளிவாசல்துறையில் வீட்டு அறையில் இருந்துகொண்டே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு ஸ்மார்ட் கொன்ட்ராக்ட், அதாவது போட்ட விதிப்படி தானாக நடக்கும் கணினி ஒப்பந்தங்கள், எழுதுகிறவள். படுக்கையில் கிடந்த வாப்பாவைப் பார்த்தது போக மிச்ச நேரமெல்லாம் அந்த வேலைதான். இது போதாதென்று, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

ஊரில் கரைவலை போடுவது, ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்துத்தான். அந்த முறையால் அவளுடைய அண்ணன் ஹிஸ்புல்லா நானாவுக்கும், அவரைப்போலவே சொந்த வலை வைத்திருக்கும் இன்னொரு சம்மாட்டியான அன்ஸாருக்கும் போன வருசம் கைகலப்பே வந்தது. யாராலும் மாற்ற முடியாதபடி ஒன்று செய்து தரச்சொல்லி மீனவர் சங்கம் அவளைக் கேட்டது. செய்து கொடுத்தாள். வரிசை பிளொக்செயினில் ஏறியது. எங்கெங்கோ உள்ள கணினிகள் எல்லாம் அதன் நகலை வைத்திருக்கும். விடிந்ததும் முறைக்காரர் போனில் 'இறக்குகிறேன்' என்று அழுத்த வேண்டும். அழுத்தாமல் இருந்தாலோ, 'விட்டேன்' என்று அழுத்தினாலோ, முறை அடுத்தவருக்குப் போகும். இறக்கினவரும் விட்டவரும் வரிசையின் கடைசிக்குப் போவார்கள். ஹிஸ்புல்லாவின் தங்கச்சிதானே என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதென்று, திருத்தும் சாவியையும் தன் கையாலேயே அழித்தாள்; இனி அவளாலும் அதை மாற்ற முடியாது. அன்றைக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஏப்ரல் முடிகிற நேரம், ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி வாப்பா மூச்சடங்கி மவுத்தானார். அன்றைக்கு நானாவின் முறை. அந்த நேரத்தில் போனை யார் பார்த்தது? பார்த்தபோது நானாவின் பெயர் கடைசிக்குப் போயிருந்தது. மேலே அன்ஸார். மறுபடி முறை வருவதற்குள் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்துவிடும். பிறகு இந்தப் பருவத்துக்கு வலை இல்லை. நானாவின் வலையை நம்பியிருக்கிற வீடுகளில் அடுப்பும் சரியாக எரியாது.

ஜனாஸாவைத் தூக்க முன் நானா அறை வாசலில் வந்து நின்றார்.

"மையித்து வீட்டுக்காரன்ட முறைய யாரும் தொடமாட்டாங்களே. அத எழுதல்லையா?"

"ஒருத்தரும் சொல்லல்லையே நானா."

"அத யாரு புள்ள சொல்லுவாங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான். வழக்கம் அவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை எழுத வேண்டும் என்று அவளுக்குப் படவேயில்லை.

ஆண்கள் மையவாடிக்குப் போனார்கள். பெண்கள் யாசீன் ஓதினார்கள். அகீலா மூலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு சுருண்டிருந்தாள். வாப்பாவுக்காக அழக்கூட வரவில்லை. அன்ஸார் வலையை இறக்கினால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அனுமதி கொடுத்ததே அவள் எழுதினதுதான்.

அடக்கிவிட்டு வந்தவர்களில் அன்ஸார் நேரே வாசலுக்கு வந்து, உள்ளே பார்க்காமல் நிலத்தைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, நான் 'விட்டேன்' அமத்திட்டன். எனக்குப் பிறகு உள்ளவங்களும் மையவாடியிலேயே அமத்திட்டாங்க. நானாட பேரு சுத்தி மேல வந்திருக்கும், பாருங்க."

பார்த்தாள். ஊரில் இருந்த சம்மாட்டிமார் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகக் கடைசிக்குப் போயிருந்தார்கள். ஹிஸ்புல்லா மேலே நின்றார்.

நாளைக்கும் நானாவால் கடலுக்கு வர முடியாதே என்று மெல்லச் சொன்னாள்.

"அப்ப நாளைக்கும் எல்லாரும் விடுவோம்," என்று சொல்லிவிட்டு அன்ஸார் போனார்.

அகீலா போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் வாப்பாவை நினைத்து அழுதாள்.