ஓடை அமைதியாக இருந்த மத்தியானம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, இரண்டு தேயிலை மலைகள் சந்திக்கும் இடுக்கில் ஒரு குளம் இருக்கிறது. அது தோட்டத்துக்குச் சொந்தமானதல்ல. பழைய பங்களாவையும் அதைச் சுற்றியிருந்த காட்டையும் வாங்கிய கொழும்புக்காரர் ஒருவர், ஓடையின் குறுக்கே மண் அணை போட்டுத் தேக்கியது. பறவைகளுக்காக, மரை மான்களுக்காக என்றார். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோட அணையின் ஓரத்தில் சிமெந்து வாய்க்கால் ஒன்று உண்டு. அது கீழே வந்து மறுபடியும் ஓடையாகி, எங்கள் அடுப்படிச் சுவருக்குப் பின்னால் ஓடும்.

அந்த அணையைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை. நான் பயந்ததெல்லாம் சிறுத்தைக்குத்தான்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகளுக்குப் பதின்மூன்று வயது. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும் பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடிக்க, விடிந்தும் விடியாததுமாக அந்த வாய்க்காலை ஒட்டிய படிகளில் அவள் தனியாக ஏற வேண்டும். குளம் வந்ததும் மரைகள் வந்தன. மரைகளுக்குப் பின்னால் சிறுத்தை வந்தது. லயத்தில் மூன்று நாய்கள் காணாமல் போயின. ஒரு காலையில் வாய்க்கால் சேற்றில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கால்தடம் பார்த்தேன். வெயில் காலத்தில் காய்ந்து கிடந்த வாய்க்கால்தான் அதற்குப் பாதை.

யோசனை சொன்னது நான். மேல்மலையில் அப்போதுதான் கவ்வாத்து முடிந்திருந்தது. வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை, மிலாறு என்போம், விறகுக்காகப் பெண்கள் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்தார்கள். "அந்த வாய்க்கா வாய்ல பத்துக் கட்டு அடுக்கிட்டா அது எப்படி எறங்கும்?" என்றேன்.

சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா சிரித்தார். "டீச்சரு எதுக்கு பயப்படுறீங்க? ஒங்க கையில பெரம்பப் பாத்தா அதுவே காட்டுக்கு ஓடிரும்."

சிரித்தாலும் ஆளுக்கொரு கட்டு கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் முளை அடித்து, கட்டுகளைக் கம்பியால் பிணைத்து, இடுக்குகளில் உரப்பைகளைத் திணித்தோம். கம்பியை முறுக்கியது நான். பங்களாவுக்குக் காவல் இருக்கும் வாச்சர் அண்ணன் பார்த்துவிட்டு, "மழைக்கு முந்தி எடுத்துருங்க டீச்சர்" என்றார். சரி என்றேன். அது ஒவ்வொரு வாரமும் நினைவுக்கு வந்தது. எடுத்தால் சிறுத்தை வருமே என்பதும் கூடவே வந்தது.

பிறகு இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடமும் இல்லை, மலையில் வேலையும் இல்லை. எல்லோரும் வீட்டில் இருந்தோம். மத்தியானம் சோறு வடிக்கும்போது ஜன்னல் வழியாக ஓடையைப் பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. சத்தமே இல்லை. இத்தனை மழைக்கும் ஓடை ஏறவில்லையே என்று மனம் நிம்மதியானது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "அப்ப இந்தத் தண்ணியெல்லாம் எங்கம்மா போகுது?"

வாய்க்கால் வாயில் நான் கட்டிய மிலாறு நினைவுக்கு வந்தது. நான் வாய் திறப்பதற்குள் வாசலில் வாச்சர் அண்ணனின் குரல். "தண்ணி அணைக்கு மேல வருது! எல்லாரும் மேட்டுக் கோயிலுக்கு ஏறுங்க! கத்தி வச்சிருக்கவங்க என்கூட வாங்க!"

மகளின் கையைப் பிடித்துப் பக்கத்து அக்காவின் கையில் கொடுத்தேன். "நீங்களும் வாங்கம்மா" என்று மகள் அழுதாள். அந்தக் கம்பி முறுக்கு எனக்குத்தான் தெரியும். அவளை விட்டுவிட்டு மேலே ஓடினேன்.

குளம் அணையின் விளிம்போடு நின்றது. நடுவில் ஓரிடத்தில் முறம் அகலத்துக்குத் தண்ணீர் வழிந்து, புல்லை வேரோடு இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் மிலாறு வேலியில் இலையும் மானாப் புல்லும் அப்பி, அது சுவர் மாதிரி ஆகியிருந்தது. கவ்வாத்துக் கத்தி கம்பியில் பட்டு வழுக்கியது. இடுப்பளவு தண்ணீரில் நின்று முறுக்கைப் பிரித்தேன். விரல்கள் மரத்துப்போயின. நாலு ஆண்கள் முளையை ஆட்டினார்கள். ஒரு கட்டு அசைந்தது. வாச்சர் அண்ணன் என் தோளைப் பிடித்துக் கரைக்கு இழுத்த அதே நொடியில் முழு வேலியும் பிய்த்துக்கொண்டு போனது.

அந்த இரைச்சலில்தான் உறைத்தது. கீழே எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை.

பழுப்புத் தண்ணீர் மிலாறைச் சுருட்டிக்கொண்டு இறங்கி எங்கள் அடுப்படிச் சுவரில் மோதியதை மேலேயிருந்து பார்த்தேன். சுவர் மடிந்தது. கோயில் பாதையில் ஏறும் குடைகளில் மகளின் மஞ்சள் குடையைத் தேடினேன். இல்லை. எப்படி இறங்கினேன், எந்த வழியாகக் கோயிலுக்கு ஏறினேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது. அவள் கோயில் தூணோரம் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். குடையை அவசரத்தில் வீட்டிலேயே விட்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து வரவில்லை. "என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மழை விட்டதும் பங்களாக்காரர் வந்தார். அணையின் உச்சியில் ஒரு பகுதி கரைந்திருந்தது, மற்றது நின்றது. கரையில் மிஞ்சிய ஒற்றை முளையில் தொங்கிய கம்பியைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். மலையிலிருந்து அடித்து வந்திருக்கும் என்றார் வாச்சர் அண்ணன். லயத்து ஆட்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் எனக்காகத்தான் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. "நான்தான் கட்டினேன், மகளுக்காக" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் கீழே இடிந்த அடுப்படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இப்போது வாய்க்கால் சுத்தமாக இருக்கிறது. காலையில் மகளோடு நானும் டோர்ச் லைட்டோடு பஸ் வரைக்கும் ஏறுகிறேன். போன வாரம் சேற்றில் புதுத் தடம் கிடந்தது. இருவரும் பார்த்தோம்; யாரிடமும் சொல்லவில்லை. மழை பெய்யும்போது ஓடையின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டேதான் சமைக்கிறேன். அது சற்றுத் தணிந்தாலும் அடுப்பை அணைத்துவிடுகிறேன். முதலில் மகளின் கையைப் பிடித்துக் கோயிலில் கொண்டுபோய் விடுகிறேன். பிறகுதான் அணைக்கு ஏறுகிறேன்.