பார்மேட் வாத்தியார்

நாகூரில் வந்து சிங்காரவேலு வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். பார்மேட் வாத்தியார் வீடு என்று கேட்டால் நேரே ஓவிய ஆசிரியர் சிங்காரவேலுவின் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். இந்தப் பட்டம் அவருக்குச் சும்மா வந்ததல்ல. கோடை விடுமுறையில் பத்து நாள் கணினிப் பயிற்சிக்குப் போனார். ஆறாம் நாள் காய்ச்சல். அன்றைய பாடம், கோப்புகளை நகல் எடுத்து வைப்பது. ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றைய பாடம், கம்ப்யூட்டரை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவது, அதாவது பார்மேட். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு அவர் ஊருக்கே வைத்தியம் பார்த்தார்.

அது 2006. சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் வீட்டிலெல்லாம் ஃபிரிஜ்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில், பூப்போட்ட துணி போர்த்திய கம்ப்யூட்டர் ஒன்று வந்து உட்கார்ந்திருந்த காலம். மெதுவாக ஓடுகிறதா? பார்மேட். பாட்டுக் கேட்கவில்லையா? பார்மேட். மருந்துக்கடை ஹரிஹரசுப்ரமணியன், எலி கடித்த மௌஸ் வயரோடு வந்தபோதும் பார்மேட்தான். வயலில் களை மண்டினால் விளைந்த பயிரோடு சேர்த்து மடக்கி உழுகிற வைத்தியம். “உள்ள இருந்ததெல்லாம் எங்க சார்?” என்று யாராவது கேட்டால், “வைரஸ் தின்னுடுச்சு” என்பார். வைரஸ் வந்து மறுப்புச் சொன்னதில்லை.

“நம்ம வீட்டு மிக்ஸி மூணு மாசமா ஓடல. அதையும் பார்மேட் பண்ணுங்களேன்” என்பாள் மனைவி தங்கம்மாள். மேதைகளுக்கு வீட்டில் மரியாதை கிடைப்பதில்லை என்று சிங்காரவேலு தன்னைத் தேற்றிக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு தெரு தள்ளியிருந்த கமருன்னிஸா கூப்பிட்டு அனுப்பினாள். கம்ப்யூட்டர் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுகிறது, பிறகு தானே அணைந்துவிடுகிறது. சிங்காரவேலு பையிலிருந்து விண்டோஸ் சி.டி. தட்டை உருவினார்.

“சார், உங்க கைராசிய ஊரே சொல்லுது. அதான் சொல்றேன், போட்டோவெல்லாம் போகக்கூடாது.”

“எத்தன போட்டோ?”

“முந்நூத்திப் பன்னெண்டு. எல்லாம் எம்பொண்ணு சுமையாதான். அவ என் வயித்துல இருக்கும்போது அவ வாப்பா சவூதில தமாமுக்குப் போனாங்க. புள்ளைக்கு மூணு வயசாகுது, வாப்பா மொகத்த நேர்ல பாத்ததில்ல. வெள்ளிக்கிழம லீவுல வர்றாங்க. புள்ள தவழ்ந்ததுலேர்ந்து ஒண்ணு விடாம எடுத்து வையி, வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க.”

“கேமரா கார்டுல இருக்குமே?”

“இடமில்லேன்னு இதுல ஏத்திட்டு அதுல அழிச்சுட்டேனே சார்.”

தன்னிடம் இருப்பது ஒரே மருந்து, அது நோயாளியைக் கொன்றுவிட்டுத்தான் குணப்படுத்தும் என்பது சிங்காரவேலுவுக்கு அன்றுதான் உறைத்தது. ஆனாலும் வாத்தியார் அல்லவா? முகத்தில் எதையும் காட்டாமல், “அதுக்கு வேற ஆயுதம் இருக்கும்மா” என்று சொல்லி, வீட்டுக்குப் போய் ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் தட்டைக் கொண்டுவந்தார். எதையும் அழிக்காமல், எதையும் நிறுவாமல், தட்டிலிருந்தே ஓடுமாம். நான்கு மாதமாக அவர் அதை டீ தம்ளருக்கு அடியில் வைத்திருந்தார்.

தட்டு உள்ளே போனது. ஏதேதோ எழுத்து மழையாகக் கொட்டியது. கமருன்னிஸா பிஸ்மில்லா சொன்னாள். சிங்காரவேலு, எல்லாம் தமக்குத் தெரிந்த எழுத்துதான் என்பதுபோலத் தலையாட்டினார். ஒரு பென்குயின் வந்தது. பிறகு ஒரு திரை. அதற்குள் தேடிப் பார்த்தால், கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த சுமையா படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன!

அவர் நெஞ்சை நிமிர்த்தி, எல்லாவற்றையும் நகலெடுத்து லினக்ஸின் டெஸ்க்டாப்பில் போட்டார். “காப்பாத்தியாச்சு. இனிமே விண்டோஸ மட்டும் அழிச்சுட்டுப் புதுசு போட்டுடலாம்” என்று அறிவித்துவிட்டு, அணைக்கக் கையை நீட்டினார். அதற்குள் கம்ப்யூட்டர் தானே அணைந்தது.

“பாத்தியாம்மா, நான் நெனச்சேன், அதுவே அணைஞ்சுடுச்சு.”

“தினமும் இப்படித்தான் சார் அணையுது.” கரண்டும் போகவில்லை, மின்விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. “அழிக்கறதுக்கு முன்னாடி அந்தப் போட்டோவ ஒருதரம் காட்டுங்க. பாத்துக்கறேன்.”

நம்பிக்கையில்லாத பெண்மணி என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டு மறுபடி தட்டை ஓடவிட்டார். திரை வந்தது. டெஸ்க்டாப் கழுவித் துடைத்த தரைபோல் இருந்தது.

“எங்க சார்?”

தட்டிலிருந்து ஓடும் லினக்ஸுக்குச் சொந்தமாக வீடு வாசல் கிடையாது. அங்கே வைத்ததெல்லாம் அணைத்ததும் போய்விடும். கதிர்க்கட்டைக் களத்தில் இறக்காமல் தலையில் வைத்துக்கொண்டே அறுவடை முடிந்ததென்று அறிவித்திருக்கிறார். திரையில் மறுபடி ஹார்ட் டிஸ்க்கைத் தேடினார். படங்கள் அங்கே பத்திரமாக இருந்தன. இவள் கேட்காமல் இருந்திருந்தால், இந்நேரம் அங்கேயும் இருந்திருக்காது.

அடுத்த சந்தேகம் தானே வந்தது. விண்டோஸ் இல்லாமலே அணைகிறதென்றால், விண்டோஸ் என்ன பாவம் செய்தது? கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். தர்கா வாசலில் நிற்பதுபோல் சாம்பிராணி வாசம் அடித்தது. உள்ளே இருந்த சின்ன விசிறியில் கரியும் பிசினும் தூசியும் அடை அடையாக அப்பியிருந்தது. சூடு வெளியே போக வழியில்லாமல் பெட்டி மயக்கம் போட்டு விழுந்திருக்கிறது.

“வாராவாரம் வியாழக்கிழம அந்தி மஃரிபு தொழுகைக்குப் பொறவு சாம்பிராணி போடுவேன்” என்றாள் கமருன்னிஸா. “புள்ள போட்டோ உள்ள இருக்கே, கண்ணு படக்கூடாதுன்னு இதுக்குக் கொஞ்சம் கூடவே காட்டுவேன். பின்னாடி ஓட்ட இருக்குல்ல, அது வழியா.”

வைரஸ் என்று தொடங்க வாயெடுத்தார் சிங்காரவேலு. வாய் வேறு ஒன்றைச் சொன்னது. “அம்மா, நீ கேக்கலேன்னா நான் எல்லாத்தையும் அழிச்சிருப்பேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப மத்தவங்க வீட்டுல?”

அவர் பல்துலக்கும் பிரஷ் ஒன்று கேட்டு வாங்கி, மிகுந்த கவனத்துடன் விசிறியைத் தேய்க்கத் தொடங்கினார்.

தேய்த்து முடித்து, பெட்டியைத் திறந்தே வைத்து, டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பிவிட்டு, பென் டிரைவில் படங்களை ஏற்றினார். போதும் என்றார். கமருன்னிஸாவுக்குப் போதவில்லை.

“கழட்டி மறுபடி சொருகுங்க. ஒவ்வொண்ணாத் தொறந்து காட்டுங்க. நான் எண்ணுறேன்.”

பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பார்மேட் வாத்தியார் ஒவ்வொரு படமாகத் திறந்தார். முதல் பல். கொசுவலைக்குள் தூக்கம். வாப்பாவின் செருப்பில் இரண்டு பிஞ்சுக் கால். இத்தனை நாள் டேட்டா, டேட்டா என்று சொல்லி அவர் அழித்தது இதைத்தான் போலிருக்கிறது. இருநூறு தாண்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாம்பிராணித் தூசி” என்றார், யாரும் கேட்காமலே.

“முந்நூத்திப் பன்னெண்டு” என்று கமருன்னிஸா எண்ணி முடித்த படத்தில், சுமையா நேரே அவரைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள்.