வாரேனுங்கண்ணா

போத்தனூர் தம்பிதுரைக்குச் சைக்கிள் கிளப்பில் ஒரே வேலைதான்: கடைசியில் வருவது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பதினெட்டுப் பேர் கிளம்பினால், பதினேழு பேர் முன்னால் பறப்பார்கள். இவர் பின்னால் வருவார். பஞ்சர் ஆனவர், மூச்சு வாங்கி நின்றவர், ஆட்டுக்குட்டியைப் படம் பிடிக்க இறங்கியவர், எல்லாரும் இவர் பொறுப்பு. ஐம்பத்தெட்டு வயது, பம்பு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இளவட்டங்கள் 'வால் அண்ணா' என்று கிண்டல் செய்யும். "வாலு இல்லாட்டி மாடு எப்படி ஈ ஓட்டுமுங்க கண்ணு?" என்பார். ஒன்பது வருடத்தில் ஒருவரைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை. பெருமை என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான், பாவம்.

கிருபாசங்கர் கிளப்பில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நூல் கம்பெனியில் மேனேஜர், நாற்பத்தாறு வயது, நாற்காலியில் உட்கார்ந்தே வளர்த்த தொப்பை. டாக்டர் சொல்லித்தான் சைக்கிள் வாங்கினார். சின்ன மேடு வந்தாலும் பின்தங்கிவிடுவார். அதனால் இருவரும் ஜோடி சேர்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே மிதிப்பார்கள்.

அந்தப் பங்குனி ஞாயிறும் அப்படித்தான் போனார்கள். செட்டிபாளையம் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ரோடு இரண்டாகப் பிரியும். நேரே போனால் கிளப்காரர்கள் டிபன் சாப்பிடும் கடை. இடப்பக்கம் திரும்பினால், இருவர் வீடும் இருக்கும் போத்தனூருக்கே குறுக்கு வழி. கிருபாசங்கர் அங்கே காலை ஊன்றி நின்றார். மகள் வர்ஷினி அன்று பத்து மணிக்கு ஒரு விழாவில் ஆடுகிறாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

"நான் வாரேனுங்கண்ணா" என்றார்.

அவ்வளவுதான். எங்கள் பக்கம் 'போறேன்' என்று வாயெடுத்தால் பெரியவர்கள் அடிக்க வருவார்கள். போகிறவனும் வாரேன் என்பான், பின்னால் வருகிறவனும் வாரேன் என்பான். தம்பிதுரை அதை விடைபெறுகிற வாரேனாக எடுத்துக்கொண்டார். "சரிங்க, பாத்துப் போங்க. அம்மணி ஆடறதப் படம் புடிச்சு அனுப்புங்க" என்று கையை ஆட்டிவிட்டு மிதித்துவிட்டார். கிருபாசங்கருக்குப் பதில் சொல்ல மூச்சு இருந்ததோ என்னவோ, இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடையில் கிளப்பை நடத்தும் அருண்குமார் தலைகளை எண்ணினான். "ஒருத்தர் கொறையறாருங்களே?"

"கிருபா ஊட்டுக்குப் போயிட்டாருங்க" என்றார் தம்பிதுரை, ஊத்தப்பத்தைப் பிய்த்தபடி. அதற்குப் பிறகு இன்றுவரை அவர் ஊத்தப்பத்தைத் தொட்டதில்லை.

முக்கால் மணி கழித்து அருண்குமாருக்குப் போன் வந்தது. ஆடு ஓட்டி வந்த மாசாணம் என்பவர், ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். ரோடு பிரிகிற இடத்தில், நெஞ்சைப் பிடித்தபடி ஒருவர் கிடக்கிறார் என்றார். விழுந்தடித்து ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

"விதிங்கண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று கிளப்பே சமாதானம் சொன்னது. விதியாம் விதி. நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விதி என்ன செய்திருக்கும்? குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் தம்பிதுரை அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் இரண்டு பொருளும் வந்தது. அது விடைபெற்ற வாரேனாகவே இருக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்டார். அப்படியிருந்தால் தன் பாவம் பாதியாவது குறையும் என்று ஒரு நப்பாசை.

கருமாதி முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போனார். கிருபாசங்கரின் மனைவி நித்யஸ்ரீ நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"ஏனுங்கண்ணா, கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான் வாரேன்னு சொன்னாருங்க. ஊட்டுக்குக் கெளம்பறாருன்னு நெனச்சு, நான் உட்டுப்போட்டுப் போயிட்டேனுங்க அம்மணி."

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"கெளம்பறதுன்னா அவரு வாரேன்னு சொல்லவே மாட்டாருங்க. பக்கத்துக் கடைக்குப் போறதுன்னாலும் 'போயிட்டு வந்தர்றேன்'னு முழுசாத்தான் சொல்லுவாரு. வெறும் வாரேன்னா, பின்னால வாரேன்னுதானுங்க அர்த்தம்."

தம்பிதுரை தலையைக் குனிந்துகொண்டார். நித்யஸ்ரீ தொடர்ந்தாள்.

"பிரஷர் இருக்கற மனுசன அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு இஷ்டமே இல்லீங்க. 'பயப்படாத, தம்பிதுரை அண்ணன் எனக்குப் பின்னாலதான் வருவாரு, உட்டுட்டுப் போகமாட்டாரு'ன்னாரு. உங்கள நம்பித்தானுங்க அனுப்புனேன்."

மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். "என்ன மன்னிச்சுப்போடுங்க அம்மணி."

"எப்படிங்கண்ணா மன்னிக்கறது?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையையும் குறைக்கவில்லை. உண்மையிலேயே வழி தெரியாமல் கேட்கிறவளாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் கிடையாது. தம்பிதுரை எழுந்து, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.