கூட்ஸ் லைனில் ஒரு கிளிப்பச்சைப் புடவை

ரெண்டாயிரமாவது ஆண்டுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷனில் நடந்தது. எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்து உட்காராத காலம். அது மட்டும் இருந்திருந்தால் எனக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நான் லேடீஸ் டைலர். ஸ்டேஷனிலிருந்து நாலு தெரு தள்ளிக் கடை. என் மனைவிக்கு விழுப்புரத்தில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் பாசஞ்சரில் போய், சாயங்காலம் பாசஞ்சரில் திரும்புவாள். அவளைப் போல சீசன் டிக்கெட் வைத்திருந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரே பெட்டியில் ஏறுவார்கள், கீரை ஆய்வார்கள், வரன் பேசுவார்கள், அவரவர் மேனேஜரைத் திட்டித் தீர்ப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், தங்களைச் சுமந்துபோய்க் கொண்டுவந்து விடுகிற அந்தப் பெட்டிக்கு மாவிலைத் தோரணம் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு பூஜை போடுவார்கள். ஊருக்கு வந்து இறங்கியதும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் கலைவார்கள்.

அந்த வருஷம் எல்லாரும் ஒரே மாதிரிப் புடவை கட்டுவது என்று முடிவானது. கிளிப்பச்சையில் அரக்கு பார்டர். ஜாக்கெட் தைக்கிற வேலை யார் தலையில் விழும்? என் தலையில்தான். தீபாவளித் துணியெல்லாம் மலை மாதிரி குவிந்து கிடக்க, அதை ஓரங்கட்டிவிட்டு அத்தனை அரக்கு ஜாக்கெட்டையும் நானே வெட்டி நானே தைத்தேன். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்கு அந்தாண்டை ஒரு கூட்ஸ் லைன் இருந்தது. ஒரு காலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையும் நெல் மூட்டையும் அங்கேதான் வேகனில் ஏறுமாம். எனக்குத் தெரிந்து அதில் ஒரு வண்டியும் வந்ததில்லை. தண்டவாளம் துருப்பிடித்துப் போய், நடுவில் முள்ளுச்செடி முளைத்து, ஆடு மேயும். தினமும் காலையில் மனைவியைக் கொண்டுவந்து விடும்போது குறுக்கு வழியாக அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் என் மொபெட்டைத் தூக்கிப் போட்டுத் தாண்டுவேன். செத்துப்போன லைன் அது.

இந்த இரண்டு விஷயமும் எனக்குத் தெரிந்த அளவுக்கு ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அன்றைக்கு இரண்டையுமே மறந்துவிட்டேன்.

மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் துணி கொடுக்கிற ஒருவர் சைக்கிளை நிறுத்தாமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"டைலரே, ஸ்டேஷன் பக்கமாத்தான் வந்துக்கினு இருந்தேன். கூட்ஸ் லைன்ல ஒரு பொம்பளை அடிபட்டுட்டுதாம்பா. ஒரே ரத்தம். கிளிப்பச்சை புடவை கட்டிக்கினு இருந்துச்சாம், பாவம்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். பாசஞ்சர் வந்துபோய் வெகு நேரமாகியிருந்தது. அவள் வரவில்லை.

கடையை மூடினேனா, சாத்தினேனா, ஒன்றும் நினைவில்லை. மொபெட் சாவி கையிலேயே இருந்தும் வண்டியை எடுக்கத் தோன்றாமல் ஓடினேன். செத்த லைனில் எப்படி ரயில் வரும் என்று ஒரு விநாடி யோசித்திருந்தால் போதும். கிளிப்பச்சைப் புடவை அவளிடம் மட்டுமா இருக்கிறது என்று யோசித்திருந்தால் போதும். எங்கே யோசிப்பது? முருகா, முருகா என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் கூட்டம் கலைந்திருந்தது. கூட்ஸ் லைனில் தண்டவாளத்தின் மேலும் ஜல்லியின் மேலும் சிவப்புச் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. பக்கத்திலேயே என் மனைவியின் ஒயர் கூடை. மஞ்சளும் ஊதாவும் கலந்து அவளே பின்னியது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிளாட்பாரத்தில் மல்லாட்டை விற்கிறவர் கூடையோடு ஓடிவந்தார்.

"இன்னா சார், இங்க குந்திக்கினீங்க? பூசணிக்கா சார் அது, குங்குமம். ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்துல ஒடைக்கக் கூடாதுன்னுட்டாரு. நான்தான் இங்க ஒடைச்சிக் குடுத்தேன். திரும்பி நடக்கசொல்ல ஒரு அம்மா அதும் மேலயே கால வச்சி வழுக்கி வுழுந்துட்டாங்க. தண்டவாளத்துல தலை மோதிக்கிச்சு."

யார் அந்த அம்மா என்று கேட்டேன். அவர் கையை விரித்தார்.

"எனக்கு எப்டி சார் தெரியும்? எல்லாருமே பச்சைப் பொடவை. கண்ணே தொறக்கல, அப்டியே ஆட்டோல ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்கிப் போய்ட்டாங்க."

ரயில் இல்லை என்பது தெரிந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என்பதும் தெரிந்தது. ஆனால் கூடை இங்கே கிடக்கிறதே! கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோதுதான் இன்னொருவர் தலைதெறிக்க ஓடிவருவதைப் பார்த்தேன். தலைமுடி, புருவம், லுங்கி எல்லாம் வெள்ளை. மாவு மில் வைத்திருப்பவர் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் மனைவியும் அந்தப் பெட்டியில் வருகிறவர்தான். அவருக்கும் யாரோ கிளிப்பச்சைப் புடவை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் அளவு ஜாக்கெட் வருஷக்கணக்காக என் கடையில் இருக்கிறது. புருஷனை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். அவர் மனைவியாக இருக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. என் மனைவியாக இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவரும் அதைத்தான் வேண்டியிருப்பார்.

ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கிளிப்பச்சை. எந்த முகமும் என் கண்ணில் நிற்கவில்லை. எங்களுக்கு முன்பே இன்னும் இரண்டு மூன்று கணவர்கள் ஓடிவந்து, அவரவர் மனைவியைப் பார்த்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார்கள். நான் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே போனேன். அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல்.

"ன்னாங்க, கழுத்துல டேப்போட இங்க வந்து நிக்கறீங்க? கடைய யாரு பாத்துக்கறது?"

கையில் மருந்துச் சீட்டோடு நிற்கிறாள். புடவை முழுக்கக் குங்குமம். ஆனால் முழுசாக, திட்டுகிற தெம்போடு நிற்கிறாள். அத்தனை பேர் நடுவில் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பிறகு சிரித்தேன். விழுந்த அம்மாவின் தலையை மடியில் தாங்கியே ஆட்டோவில் வந்தாளாம். கூடையைப் பற்றி நினைப்பே வரவில்லை என்றாள். ஐயோ, அந்தக் கூடையால் நான் செத்துப் பிழைத்தேன் என்றேன்.

சிரித்துக்கொண்டே திரும்பினேன். மாவு மில்காரர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனார். மறுபடி திரும்பி வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்த பெண்கள் ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷம் பட்ட கூச்சம் ஜென்மத்துக்கும் மறக்காது.

என் அவசரமெல்லாம் மனைவியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான். போகலாம் வா என்றேன். அவள் அசையவில்லை.

"அவரு ஒண்டியா நிக்கறாரு பாருங்க. போயி பக்கத்துல குந்துங்க" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். அவர் தன் உள்ளங்கை மாவையே பார்த்துக்கொண்டு, "கேப்பை அரைச்சிக்கினு இருந்தேன், மில்ல நிறுத்தவே இல்ல" என்றார். நானும் கடையைப் பூட்டினேனா தெரியவில்லை என்றேன். அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன். என் சட்டையெல்லாம் மாவானது.

எத்தனை நேரம் அப்படி இருந்தோமோ. நர்சம்மா கதவைத் திறந்து வெளியே வந்து, கண் முழித்துவிட்டார்கள், தலையில் தையல், மணிக்கட்டில் முறிவு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். கண் முழித்ததும் அந்த அம்மா என்ன கேட்டார்களாம் தெரியுமா?

"அந்தப் பூசணிக்காய யாராச்சும் ஓரமா தள்ளுனீங்களா? இன்னொருத்தர் வழுக்கி வுழப் போறாங்க."

நர்சம்மாவே சிரித்துவிட்டார். மாவு மில்காரர் சிரித்தார், அழுதார், மாவுக் கையால் முகத்தைத் துடைத்து மூஞ்சியெல்லாம் கூழாக்கிக்கொண்டார். உள்ளே போனவரைப் பார்த்து, "இன்னா கோலம் இது" என்று அந்த அம்மா கேட்டது வெளியே வரைக்கும் கேட்டது. என் மனைவியை முழுசாகப் பார்த்தபோது எனக்கு வந்த அதே நிம்மதி இரண்டாவது தரமும் வந்தது. சத்தியமாக அதே அளவு வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பூசணிக்காயை அள்ளிப் போடலாம் என்று இறங்கினோம். எங்களுக்கு வேலையே வைக்கவில்லை. ஆடுகள் தின்று தீர்த்து, தண்டவாளத்தை நக்கிக்கொண்டிருந்தன. அந்த தீபாவளிக்கு அந்த அம்மாவின் மாவுக்கட்டுக் கை நுழைவதற்காக ஒரு ஜாக்கெட்டின் கையைப் பிரித்து ஹூக் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷத்திலிருந்து பூசணிக்காய் உடைத்ததும் எடுத்துப் போட ஒரு துடைப்பமும் முறமும் ரயிலில் விழுப்புரம் வரை போய்வந்தன. புடவை மட்டும் ஆளுக்கொரு கலர் என்று மாறிவிட்டது. அது என் வேண்டுகோள்.

இன்றைக்கும் எங்காவது விபத்து என்று கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நம் வீட்டு ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு வருமே, அது எனக்கும் வருகிறது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அது வந்த கையோடு, வராந்தாவில் இன்னும் யார் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று என் கண் தானாகச் சுற்றிப் பார்க்கிறது.